புல்வெளி நகரில் ஒரு ஜோடி நாலு

லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் 'புல்வெளிகள்' என்று அர்த்தம். பெயர் வைத்த புண்ணியவான்கள் வந்த காலத்தில் பாலைவனத்துக்கு நடுவே ஊற்றும் பச்சையும் இருந்திருக்கிறது. இன்றைக்கு அந்த ஊரில் புல்லைத் தேடுவது, மெரீனாவில் ஆள் இல்லாத இடம் தேடுகிற மாதிரி. போதாக்குறைக்கு 2021-ல் நெவாடா மாநிலம் ஒரு சட்டம் வேறு போட்டுவிட்டது. ரோட்டோரத்தில் சும்மா அழகுக்கு வளர்க்கிற புல்லுக்கு, 2026 முடிந்த பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது!

புல் போனால் என்ன, மேய்ச்சல் நிற்கவில்லை. மேயப்படுவது நம் பர்ஸ். மளிகைக் கடைக்குப் போனால் ஸ்லாட் மெஷின். பெட்ரோல் பங்க்குக்குப் போனால் அங்கேயும் ஸ்லாட் மெஷின். பால் பாக்கெட் வாங்கி வா என்று அனுப்பினால் பாலும் இல்லாமல் பணமும் இல்லாமல் திரும்பி வர சகல வசதியும் செய்து வைத்திருக்கிறார்கள்.

நான் போனது 2024 ஜூலை முதல் வாரம். சான் ஓசேயில் இருக்கும் என் மனைவியின் தம்பி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எட்டரை மணி நேரம், முக்கால்வாசி பொட்டல் காடு. அந்த 7-ஆம் தேதி ஊரில் வெயில் 120 டிகிரி. ஃபாரன்ஹீட்தான், பயப்படாதீர்கள். நம் கணக்கில் 48.9. அந்த ஊரில் அதுவரை பதிவான வெயிலிலேயே அதுதான் உச்சமாம். 'நான் வேலூர்க்காரன், எனக்கு வெயிலா?' என்று நினைத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்தேன். இட்லிப் பானை மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்ட மாதிரி இருந்தது. மூடிவிட்டேன்.

"அத்தான், வெளியில நடக்கவே வேண்டாம். எல்லாம் உள்ளுக்குள்ளயே போகலாம்" என்றான் மச்சான்.

அது நிஜம். அந்த ஊரில் ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தால் இன்னொரு ஹோட்டல் வழியாக வெளியே வரலாம். நடுவில் சூதாட்டக் கூடத்தைத் தாண்டாமல் மட்டும் எங்கேயும் போக முடியாது. பாத்ரூமுக்குக்கூட வழி அதுதான்.

எங்களுக்குப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. உலக போக்கர் தொடர். கிரிக்கெட்டுக்கு உலகக் கோப்பை எப்படியோ, சீட்டாட்டக்காரர்களுக்கு இது அப்படி. 1970-ல் ஊரின் பழைய பகுதியான ஃப்ரீமாண்ட் தெருவில், 'ஹார்ஸ்ஷூ' என்ற கிளப் வைத்திருந்த பென்னி பினியன் ஆரம்பித்து வைத்தது. முதல் வருஷம் பட்டத்தை ஆட்டத்தில் தீர்மானிக்கவில்லை. வந்திருந்த ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு ஜானி மாஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டாட்டக்காரர்கள் நாணயமாக ஓட்டுப் போட்ட சரித்திரச் சம்பவம்!

அப்புறம் இடம் மாறி, கை மாறி, 2022 முதல் ஸ்ட்ரிப் என்ற பெரிய சாலையில் நடக்கிறது. முக்கிய ஆட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அன்றைய மாற்று விலையில் எட்டேகால் லட்ச ரூபாய்க்கு மேல். அதைக் கட்டிவிட்டு 2024-ல் வந்தவர்கள் 10,112 பேர். முதல் பரிசு ஒரு கோடி டாலர்.

ஹாலுக்குள் நுழைந்ததும் முதலில் தாக்கியது சத்தம். யாரும் பேசவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் சோழி உருட்டுகிற மாதிரி ஒரு கலகலப்பு. எல்லோரும் கையில் சிப்ஸை வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள். (நேந்திரங்காய் இல்லை. பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் வட்ட வில்லைகள்.) வெளியே 48.9 டிகிரி. உள்ளே ஏ.ஸி. குளிரில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டு, தலையில் குல்லாய் மாட்டி, வீட்டுக்குள்ளே கறுப்புக் கண்ணாடி. ஒரு மனிதர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் ஒரு பெண் அவர் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கட்டணமாம். நம்மூர்க் கல்யாண மண்டபத்தில், மாடியில் ஜமக்காளம் விரித்து விடிய விடிய ரம்மி ஆடுகிறவர்களுக்கு இந்த உபசாரம் கிடைத்திருந்தால் முகூர்த்தத்துக்கே இறங்கி வந்திருக்க மாட்டார்கள்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஏழில் சிறந்த ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்கு மேஜைப் பணம். வேண்டாம் என்றால் ரம்மியில் ஸ்கூட் விடுகிற மாதிரி சீட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம்.

அப்படியானால் நல்ல சீட்டு வரும்வரை சும்மாவே இருந்துவிட்டுப் போகலாமே? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ஒவ்வொரு கைக்கும் இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாய மொய் எழுத வேண்டும். சின்ன மொய், பெரிய மொய். அதோடு மேஜைக்கு ஒரு காணிக்கையும் பெரிய மொய்க்காரர் தலையில். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை இந்த மொய்த் தொகை ஏறிக்கொண்டே போகும். விசேஷ வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாலும் மொய் மட்டும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் பி.காம். எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. தேய்மானம்! மெஷினை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருஷா வருஷம் புத்தகத்தில் கழிப்போமே, அதே கதை. ஒரு வித்தியாசம், இங்கே தேய்மான விகிதம் வருஷத்துக்கு ஒருமுறை அல்ல, ஒரே நாளில் பல தடவை ஏறுகிறது.

என் பாடத்துக்கு இந்த ஹாலில் ஒரு குலதெய்வமே உண்டு. 2003-ல் பட்டம் வென்ற கிறிஸ் மணிமேக்கர் டென்னசி மாநிலத்துக் கணக்கர். பெயரே அதுதான், சத்தியமாக. 86 டாலர் கட்டித் தகுதிச் சுற்றில் ஜெயித்து, அந்தச் சீட்டை வைத்து 839 பேர் ஆடிய முக்கிய ஆட்டத்துக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலரோடு வெளியே வந்தார். அதைப் பார்த்துவிட்டு மறு வருஷம் கூட்டம் 2,576 ஆகிவிட்டது. ஒரு கணக்குப்பிள்ளை நினைத்தால் என்னவெல்லாம் ஆகிறது!

பத்தாயிரம் டாலருக்கு எங்களிடம் வழியில்லை. ஆனால் அந்தச் சாலையில் சின்னச் சின்ன டோர்னமென்ட் தினமும் நடக்கிறது. ஒரு விடுதியில் 150 டாலர் கட்டினால் போதும். மச்சான் கட்டினான். நான் கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காரில் வரும்போது பாலைவனத்துக்கு நடுவே, பாட்டை அணைத்துவிட்டு மச்சான் சொன்னான்: "அத்தான், எனக்கு வேலை போயிடுச்சு. பத்தொம்பது நாள் ஆச்சு. அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

அமெரிக்காவில் ஹெச்-1பி விசாக்காரனுக்கு வேலை போனால், 60 நாள் வரைதான் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி கூப்பிட வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஹோட்டல் ரூமுக்கு இரண்டு மாசம் முன்பே பணம் கட்டியாயிற்று, திரும்பக் கிடைக்காது, அதனால்தான் வந்தோம். ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்னக் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. சம்பளம் முன்பைவிடக் குறைச்சல். ஒரு பெரிய கம்பெனியில் மூன்று இன்டர்வியூ முடிந்து பதிலுக்குக் காத்திருக்கிறான்.

"பெரிசு வருமா?"

"வரலாம் அத்தான். வராமலும் போகலாம்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. பாட்டைப் போட்டுவிட்டான்.

டோர்னமென்ட்டுக்கு வருவோம். மொத்தம் 62 பேர். ஆளுக்கு 20,000 சிப்ஸ். முதல் எட்டுப் பேருக்குத்தான் பரிசு. ஆரம்பத்தில் மொய் 100, 200. மச்சான் சமர்த்தாக ஆடினான். கொஞ்சம் ஜெயித்தான், கொஞ்சம் விட்டான். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே 20,000 கையில் இருக்கிறது. நஷ்டமே இல்லை என்று சந்தோஷப்பட்டேன்.

"எங்கத்தான்... மொய் இப்போ ஆயிரம், ரெண்டாயிரம். காணிக்கை ரெண்டாயிரம்" என்றான், இடைவேளையில் காப்பி வாங்க வந்தவன்.

சம்பளம் அதே இருபதாயிரம், விலைவாசி மட்டும் பத்து மடங்கு. ஒரு சுற்று முடிந்தால் ஐயாயிரம் போய்விடும். ஒன்பது பேர் மேஜை. அப்படியென்றால் நாலு சுற்று, முப்பத்தாறு கை. அதோடு ஆயுள் முடிந்தது. அதுவும் மொய் ஏறாமல் இருந்தால்!

மச்சான் 'பெரிய ஜோடி' வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான். கையில் வரும் இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக இருந்தால் ஜோடி. 1,326 விதமாக இரண்டு சீட்டு வரலாம். அதில் பத்து முதல் ஏஸ் வரை பெரிய ஜோடி வருவது 30 விதம்தான். சராசரியாக 44 கைக்கு ஒருமுறை. ஆயுளோ முப்பத்தாறு கை! நாற்பத்து நாலாவது வீட்டில் விருந்து, முப்பத்தாறாவது வீட்டில் உயிர் போய்விடும்.

அதே சமயம் ரெண்டு முதல் ஏழு வரை, சின்ன ஜோடி, ஏறக்குறைய 37 கைக்கு ஒருமுறை வரும். அதாவது மிச்சமிருக்கிற ஆயுளுக்கு ஒன்று. அந்த ஒன்றை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

சின்ன ஜோடி ஒரு தர்மசங்கடமான பொருள். கையில் நாலு நாலு. நடுவில் மூன்று சீட்டு திறந்தால் அநேகமாக எல்லாமே நாலைவிடப் பெரிசு. எதிராளியிடம் ராஜா இருக்கிறதா, ராணி இருக்கிறதா, தெரியாது. அவன் பந்தயம் வைத்தால் நாம் பயந்து போட்டுவிடுவோம். மூன்றாவது நாலு வந்து விழுந்தால் பிரமாதம். ஆனால் அந்த முதல் மூன்று சீட்டில் அது விழுவது எட்டு எட்டரைக்கு ஒருமுறை. சிப்ஸ் குவிந்து கிடக்கிறவன் சில்லறை போட்டுப் பார்க்கலாம், விழுந்தால் பெரிய வசூல். இருபதாயிரம் வைத்திருப்பவன் நாலாயிரம், ஐயாயிரம் என்று போட்டுப் பார்த்தால் நாலு தடவையோடு கடை மூடல்.

மச்சானுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி. எழுபதுக்குக் குறையாது. ரிடையரான ஸ்கூல் டீச்சராம். மடியில் பின்னல் ஊசி, கம்பளி நூல். அந்தம்மாவிடம் சிப்ஸ் மச்சானைவிடக் குறைச்சல். பதினாறாயிரமோ என்னமோ. தன் முறை வந்தது, முன்னால் யாரும் ஆட வரவில்லை, இரண்டு சீட்டின் நுனியை மட்டும் தூக்கிப் பார்த்தார், பின்னலை மடியில் வைத்தார், மொத்தச் சிப்ஸையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். "ஆல்-இன்." மேஜையில் எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். ஐயாயிரம் சிப்ஸ் பாட்டிக்கு. சீட்டைக் காட்டினார். ஐந்து, ஐந்து!

இடைவேளையில் நான் மெள்ளக் கேட்டேன், "யாராவது பெரிய ஜோடி வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தால்?"

"வந்திருந்தால் போயிருப்பேன். ஆனால் அவர்களுக்குத்தானே பயம்? முதலில் தள்ளுகிறவளுக்கு இரண்டு வழி. எல்லோரும் விட்டுவிட்டால் ஜெயம். யாராவது வந்தாலும் சீட்டு நல்லபடி விழுந்தால் ஜெயம். இன்னொருவர் தள்ளியதற்குப் பின்னால் போகிறவளுக்கு ஒரே வழி. சீட்டு விழுந்தே ஆக வேண்டும்." டீச்சர் டீச்சர்தான்.

நான் காப்பிக் கடைக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். கையில் நாலு ஜோடி, 20,000 சிப்ஸ், மேஜையில் கட்டாய மொய் 5,000. பின்னால் மிச்சம் இரண்டே பேர். இரண்டு பேருமே நல்ல சீட்டு இருந்தால்தான் வருவார்கள். ஆளுக்கு ஐந்தில் ஒரு கையோடு வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் விட்டுவிடுவது நூற்றுக்கு 64 தடவை. அந்த 64 தடவையும் சுளையாக ஐயாயிரம் வரவு. மிச்சம் 36 தடவை ஒருவர் வருகிறார். அவர் கையில் ஏஸும் ராஜாவுமாக இருந்தால் நம் நாலு ஜோடிக்கு நூற்றுக்கு 54 வெற்றி. பெரிய ஜோடியாக இருந்தால் ஐந்தில் ஒன்றுதான். எல்லாம் சேர்த்து 45 என்று வைத்தால், வந்தவரிடம் நமக்கு நஷ்டம் சில நூறு சிப்ஸ்தான். மொத்தத்தில் ஒவ்வொரு தள்ளலுக்கும் சராசரி மூவாயிரம் லாபம்.

இப்போது அதே நாலு ஜோடி, அதே 20,000. ஆனால் முன்னால் ஒருவர் ஆல்-இன் போய்விட்டார். நாம் பின்னால் போகிறோம். இருபதாயிரம் போட்டு நாற்பத்தைந்தாயிரம் மேஜை. நூற்றுக்கு 44-க்கு மேல் ஜெயித்தால்தான் முதலே தேறும். முன்னால் தள்ளியவர் நல்ல சீட்டில்தான் தள்ளியிருப்பார். ஆக வரவும் செலவும் சரி. பிரேக்-ஈவன். ஒரு பைசா லாபம் கிடையாது, உயிர் மட்டும் பணயம்.

சீட்டு ஒன்றுதான், சிப்ஸ் ஒன்றுதான். முந்தினால் மூவாயிரம், பிந்தினால் பூஜ்யம். காலேஜில் மூன்று வருஷம் படித்தும் 'நேரம் ஒரு சொத்து' என்பது எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

இன்னொரு சௌகரியமும் உண்டு. மொத்தத்தையும் தள்ளிவிட்டால் அப்புறம் யாரும் நம்மைப் பயமுறுத்த முடியாது. ஐந்து சீட்டையும் இலவசமாகப் பார்க்கலாம். நடுவில் பயந்து ஓடும் பேச்சே இல்லை.

1995-ல் பட்டம் வென்ற டான் ஹாரிங்டன், பிற்பாடு எழுதிய புத்தகங்களில் இதற்கு ஒரு அளவுகோலே கொடுத்திருக்கிறார். கையில் உள்ள சிப்ஸை ஒரு சுற்று மொய்யால் வகுக்க வேண்டும். இருபதுக்கு மேல் இருந்தால் பச்சை மண்டலம், சாவகாசமாக ஆடலாம். ஐந்துக்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பில் இருப்பவனுக்கு ஒரே ஆயுதம், முதலில் தள்ளுவது. மச்சானுக்கு அப்போது நாலு. டிராஃபிக் சிக்னலாக இருந்தால் போலீஸ்காரர் விசிலே ஊதியிருப்பார்.

இடைவேளை முடிந்து போனான். நாலாவது கையோ ஐந்தாவதோ, எல்லோரும் விட்டுக்கொண்டே வந்தார்கள். மச்சானுக்குப் பின்னால் இரண்டே பேர். சீட்டைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. (அக்காளுக்கும் அப்படித்தான், குடும்ப வாகு.) இருபதாயிரத்தையும் தள்ளினான். சின்ன மொய்க்காரர் விட்டார். பெரிய மொய்க்காரர், தாடி வைத்த ஆசாமி, ஒரு நிமிஷம் மச்சான் முகத்தையே பார்த்தார். மச்சான் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடி சீட்டைப் போட்டது. அப்பாடா! என்ன சீட்டு என்று அப்புறம் கேட்டேன். நாலு நாலு!

அடுத்த அரை மணியில் ஏழு ஜோடியோடு தள்ளினான். ஏஸ், ஜாக்கி வைத்திருந்தவர் வந்தார். ஒன்றும் விழவில்லை. சிப்ஸ் இரட்டிப்பு. பாட்டி பதினோராவது இடத்தில் வெளியேறி, பின்னலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். பத்துப் பேர் மிச்சம், ஒரே மேஜை. எட்டுப் பேருக்குப் பரிசு.

மூன்று ஜோடி வந்தது மச்சானுக்கு. ஆனால் முன்னாலேயே ஒருவர் ஆல்-இன் போயிருந்தார். மச்சான் பெருமூச்சு விட்டுச் சீட்டைப் போட்டான். முன்னால் போனவரிடம் ஒன்பது ஜோடி! "குட் பாய்" என்றார் பாட்டி, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற குரலில்.

ஒருவர் வெளியேறி ஒன்பது பேர் ஆனார்கள். இன்னும் ஒருவர் போனால் மிச்சம் எல்லோருக்கும் பணம். மொய் மூவாயிரம், ஆறாயிரம். மச்சானிடம் நாற்பத்தைந்தாயிரம், மூன்றே சுற்றுக்குத்தான் காணும். ஐந்து ஜோடி வந்தது. முதலில் தள்ளினான். பெரிய மொய்க்காரர் ராஜா, ராணியோடு வந்தார். பாதிக்குப் பாதியைவிட ஒரு நூல் ஜாஸ்தி மச்சான் பக்கம். நாலு சீட்டு திறந்தும் ஒன்றுமில்லை. ஐந்தாவது சீட்டு... ராணி.

ஒன்பதாவது இடம். கைதட்டினார்கள். தோற்றவனுக்கு அல்ல, தங்களுக்குப் பரிசு நிச்சயமானதற்கு.

சரியாக ஆடித் தோற்றால் வருகிற ஆத்திரம் இருக்கிறதே, அது தப்பாக ஆடித் தோற்றவனுக்குக்கூட வராது. வெளியே வந்தவன் முகம் கடுகடுவென்று இருந்தது. இருபதடி தள்ளி ஏ.டி.எம். அதற்குப் பத்தடி தள்ளி பிளாக்ஜாக் மேஜை. இந்த ஊரில் இடைவெளியை யாரோ அளந்துதான் வைத்திருக்கிறார்கள்.

"அத்தான், ஒரு ஐந்நூறு மட்டும். நூத்தம்பதை எடுத்துட்டு வந்துடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டி குறுக்கே வந்தார். மச்சான் தோளைத் தட்டி, "நல்லா ஆடினே. என் பட்ஜெட் வாரத்துக்கு ஒரு நுழைவுச் சீட்டு. அது முடிஞ்சுது. அடுத்த வாரம்தான்" என்று சொல்லிவிட்டு, அந்த ஏ.டி.எம்-மைக் கோயில் வாசல் கற்பூரக் கடையைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போனார்.

அதுதான் விஷயம். டோர்னமென்ட்டில் மொத்தத்தையும் தள்ளலாம். ஏனென்றால் அங்கே 'மொத்தம்' என்பது நுழைவுக் கட்டணம்தான். தோற்றால் 150 டாலர், அதற்குமேல் ஒரு சல்லி போகாது. அந்த தைரியத்தைக் கயிற்றுக்கு வெளியே கொண்டுவந்தால் மொத்தம் என்பதற்கு எல்லையே கிடையாது. பிளாக்ஜாக்கில் எதிராளி சீட்டைப் போட்டுவிட்டு ஓடவும் மாட்டான். அவன்தான் கிளப்காரன். அவனிடம் நமக்கு இரண்டாவது வழி இல்லை. நம்மூரில் செல்போனில் ரம்மி ஆடி வீட்டையும் உயிரையும் விட்டவர்கள் கதை நமக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்ததற்கு அந்தக் கண்ணீரும் ஒரு காரணம்.

மச்சான் பாட்டி போன திக்கைப் பார்த்தான். ஏ.டி.எம்-மைப் பார்த்தான். "பசிக்குது அத்தான்" என்றான். எனக்குப் போன உயிர் வந்தது.

ராத்திரி ஃப்ரீமாண்ட் தெருவுக்குப் போனோம். பினியன் கிளப் இன்னமும் அங்கே இருக்கிறது. 1982-ல் இங்கேதான் ஜாக் ஸ்ட்ராஸ் மொத்தத்தையும் இழந்து எழுந்திருக்கப் போனவர், ஒரே ஒரு 500 சிப் ஒளிந்துகிடந்ததைப் பார்த்து மறுபடி உட்கார்ந்து, அந்த வருஷப் பட்டத்தையே ஜெயித்தார். நாப்கினுக்கு அடியில் என்கிறார்கள், மேஜை விளிம்பில் என்கிறார்கள். கதை பல மாதிரி, பரிசுத் தொகை ஒன்றுதான்: 5,20,000 டாலர். 1999-ல் இங்கேயே கடைசிக் கையில் ஒருவரிடம் ஆறு ஜோடி, அயர்லாந்தின் நோயல் ஃபர்லாங்கிடம் ஐந்து ஜோடி. நடுவில் ஒரு ஐந்து விழுந்தது. பட்டம் அயர்லாந்துக்கு.

2009-ல் ஜோ காடா கதை இன்னும் விசேஷம். வயசு 21. கடைசி மேஜையில் அவரிடம் ஒரு கட்டத்தில் இருந்தது மொத்தச் சிப்ஸில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மூன்று ஜோடியோடு எல்லாவற்றையும் வைத்தார். எதிரே ஜாக்கி ஜோடி. மூன்று விழுந்தது. அப்புறம் ரெண்டு ஜோடியோடு வைத்தார். எதிரே ராணி ஜோடி. ரெண்டு விழுந்தது! 85 லட்சம் டாலர். ஐந்தில் ஒன்று, மறுபடி ஐந்தில் ஒன்று, சேர்த்தால் இருபத்தைந்தில் ஒன்று. இதைப் படித்துவிட்டு 'ரெண்டு ஜோடி நம்ம ராசி' என்று யாரும் கிளம்ப வேண்டாம். மிச்சம் இருபத்து நாலு பேரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

தலைக்கு மேலே கூரை முழுக்க விளக்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடியில் நடந்துகொண்டே நான் மெதுவாக ஆரம்பித்தேன். "மாப்ளே, அறுபது நாள்ல இருபத்தொண்ணு போச்சு. மொய் ஏறிக்கிட்டே இருக்கு. பெரிய ஜோடி நாப்பத்து நாலு கைக்கு..."

"சீட்டாட்டத்த வச்சு வாழ்க்கைய அளக்காதீங்க அத்தான்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

சரிதான் என்று விட்டுவிட்டேன். பி.காம். படித்தவனுக்கு ஆலோசனை சொல்ல ஃபீஸ் கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொள்ளத் தெரியும்.

மறுநாள் திரும்பும்போது பாதி வழியில் காரை ஓரம் கட்டினான். இறங்கி, அந்த வெயிலில், போனை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தான். பத்து நிமிஷம் கழித்து வியர்வையோடு ஏறினான்.

"யாரு?"

"ஒஹையோ. வரேன்னு சொல்லிட்டேன். நானே முதல்ல கேட்டதால ஜாயினிங் செலவும் தரேங்கறாங்க."

"பெரிய கம்பெனி?"

"வந்தா வரட்டும், பாத்துக்கலாம்" என்று கியர் போட்டவன், சட்டென்று திரும்பி, "அத்தான், நாலு ஜோடியாலன்னு நெனச்சுக்காதீங்க. நானே முடிவு பண்ணினது" என்றான். காது மடல் சிவந்திருந்தது.

இப்போது ஒஹையோவில் சௌக்கியமாக இருக்கிறான். பனி கொட்டுகிறதாம். வேலை போனதும் தெரியாது, கிடைத்ததும் தெரியாது என் மனைவிக்கு. "தம்பி பிரமோஷன்ல ஊர் மாத்திட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆகவே பேப்பர் போடும் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஒரு வாரம் மட்டும் எங்கள் வீட்டுக்கு இந்தப் பத்திரிகை வேண்டாம்!